ஃபீனிக்ஸ், டூசான் வீட்டு முற்றங்களுக்கு: அக்டோபர், நவம்பரில் செய்ய வேண்டியவை

மான்சூன் முடிந்துவிட்டது, வெயிலும் இறங்கத் தொடங்கிவிட்டது. புல்தரையை எடுத்துவிட்டு சொனோரப் பாலைவனத்துக்கே உரிய செடிகளை வைக்க நினைத்திருப்பவர்கள் இப்போதே மண்வெட்டியைத் தூக்குங்கள். மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். காற்று குளிர்ந்தாலும் மண்ணில் சூடு இன்னும் இருக்கிறது. இப்போது நடுகிற செடி குளிர்காலம் முழுக்க வேர் விட்டு, மே மாத வெயிலைச் சந்திக்கத் தயாராகிவிடும். மார்ச்சில் வைத்ததற்கு அந்த அவகாசம் கிடையாது. கள்ளிகளையும் பனி தாங்காத செடிகளையும் மட்டும் வசந்தத்துக்கு விட்டுவையுங்கள்.

இந்தப் பருவத்தில் பெர்முடா புல்மேல் ரை புல் விதை தூவி, குளிர்காலத்திலும் பச்சை காட்டுவது இங்கே வழக்கம். இந்த ஆண்டு அதைக் கைவிடுங்கள். புல்லை எடுப்பவர்களுக்குப் பல நகராட்சிகள் பணம் தருகின்றன. ஊருக்கு ஊர் விதி வேறு என்பதால், விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கும் முன் புல்லில் கை வைக்காதீர்கள். பெர்முடாவைப் பச்சையாக இருக்கும்போதே ஒழிக்க வேண்டும். குளிரில் பழுத்துக் கிடப்பது செத்த புல் அல்ல, அப்போது களைக்கொல்லி வேருக்கு இறங்காது. புல் போனதும் கருங்கல் ஜல்லியைக் கொட்டி வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்கள் பலர். நிழலில்லாத ஜல்லி ராத்திரியிலும் வீட்டுக்கு அனல் வீசும். அதைத் தோட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தோண்டுவதற்கு இரண்டு வேலை நாள் முன்பே 811-ஐ அழைத்து, கேஸ், மின்சாரக் குழாய்கள் போகிற இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். குழி, செடியின் வேர்க்கட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம் போதும். அகலம்தான் முக்கியம், மூன்று மடங்காவது வேண்டும். தோண்டும்போது கடப்பாரை 'ணங்' என்று துள்ளினால் அடியில் சுக்கான் பாறை இருக்கிறது. குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் பாறையை உடைத்து வழி விட வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களைப் பிரித்துவிட்டு வையுங்கள். எருவோ கம்போஸ்டோ வேண்டாம், தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூடுங்கள்.

மரத்துக்கு மேற்குப் பக்கமே நல்ல இடம், மாலை வெயிலை வாங்கிக்கொள்ளும். 1954 முதல் அரிசோனாவின் மாநில மரமாக இருக்கும் பாலோ வெர்டே பட்டையே பச்சையாக உள்ள மரம், இலை உதிர்ந்தாலும் பட்டையால் உணவு தயாரித்துக்கொள்ளும். வெல்வெட் மெஸ்கீட் நம்மூர் சீமைக் கருவேலத்தின் பங்காளி. அங்கே வெட்டச் சொல்லி வழக்குப் போடுகிறோம், இங்கே அது மண்ணின் மரம். அதன் இனிப்பான காயை மாவாக்கிச் சாப்பிட்டவர்கள் டோஹோனோ ஓதம் மக்கள். நர்சரியில் தென் அமெரிக்கக் கலப்பு மெஸ்கீட்டும் இருக்கும், வெல்வெட்தானா என்று கேட்டு வாங்குங்கள். அடியில் வைக்க மஞ்சள் பூக்கும் பிரிட்டில்புஷ், மார்ச்சில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் பாரி பென்ஸ்டமன், தேன்சிட்டு அளவேயுள்ள ஹம்மிங்பேர்டுகள் தேடி வரும் சூபரோசா. சூபரோசா நம் ஆடாதோடைக்கு உறவு. சிறிய தொட்டிச் செடியே போதும், வேரூன்றிய பின் பெரியதை எட்டிப் பிடித்துவிடும்.

தண்ணீரில் அளவைவிட ஆழம் முக்கியம். மரத்துக்கு 3 அடி, புதருக்கு 2 அடி, தரைச்செடிக்கு 1 அடி நனைய வேண்டும். நீளமான இரும்புக் கம்பியைச் செருகினால் நனைந்த மண் வரைதான் சுலபமாக இறங்கும். புதுச்செடிக்கு முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் விடுங்கள், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒன்றிரண்டு கோடை தாண்டும்வரை சொட்டுக் குழாய் இருக்கட்டும். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் தாழ்வாக ஒரு பள்ளம் எடுத்து, செடியை அதன் ஓரத்தில் வையுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 600 காலன் கிடைக்கும்.

வேலியோரம் பஃபல்கிராஸ் முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கொங்குநாட்டுக் கொறங்காட்டில் மாட்டுக்கு விதைக்கிற அதே கொழுக்கட்டைப் புல்தான். இங்கே அது தீயைப் பரப்பி சவாரோ கள்ளிகளையே கருக்குகிறது. கதிர் உதிரும் முன் வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிப் போடுங்கள்.

வசந்தத்தில் சவாரோ வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: அது சட்டப் பாதுகாப்புள்ள செடி. பாலைவனத்திலிருந்து எடுத்ததென்றால், மாநில வேளாண்துறையின் சீட்டு இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.