மலைமேல் இருப்பவனுக்கு மஃரிப் எப்போது?

அன்புள்ள தம்பிக்கு,

ரமலான் ஒன்றாக இருக்க, ஆளுக்கொரு நாளில் தொடங்கி ஆளுக்கொரு நேரத்தில் நோன்பு திறக்கிறார்களே, ஒற்றுமை எங்கே என்று கொல்லிமலையிலிருந்து கேட்டிருக்கிறாய். மேடைகளில் கேட்டுச் சலித்த கேள்வி இது. ஆளுக்கு ஆள் வேறுபட்டாலே ஒழுங்கில்லை என்று முடிவுகட்டுவது வெறும் சோம்பல். இந்த வேறுபாடுகளில் பல, ஒரே விதியை ஒவ்வொரு தரப்பும் விடாப்பிடியாகக் கடைப்பிடித்ததால் வந்தவை.

சூரியன் மறைந்ததும் நோன்பு திற என்பது விதி. எங்கிருந்து பார்க்க மறைய வேண்டும்? உன் மலையையே எடுத்துக்கொள். சமவெளிக்கு ஆயிரம் மீட்டர் மேலே, மேற்கே தடையில்லாத விளிம்பில் நிற்பவனுக்கு அடிவானம் ஏறக்குறைய ஒரு பாகை தாழ்ந்து தெரியும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். நாமக்கல்லில் மஃரிப் எனும் அந்திநேரத் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும்போது இவன் கண்முன்னே சூரியன் இன்னும் நிற்கிறது. இவன் வாயில் பேரீச்சம்பழம் வைக்கலாகாது. கிழக்கடிவாரத்துப் புளியஞ்சோலையில் நிலைமை தலைகீழ். மலை மறைப்பதால் வெயில் முன்னதாகவே போய்விடும். ஆனால் மலைக்குப் பின்னால் ஒளிந்த சூரியன் மறைந்த சூரியன் ஆகாது. நாலு நிமிடத்துக்கா இவ்வளவு பேச்சு என்பாய். துபாயில் புர்ஜ் கலீஃபா கட்டடத்தில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்போர் 2 நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் இருப்போர் 3 நிமிடமும் பொறுத்துத் திறக்க வேண்டும் என்று 2011இல் மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். ஒரே கட்டடம், மூன்று வேளை. இதையும் பிளவு என்பாயா? ஷியாக்களோ கீழ்வானச் செம்மையும் விலகும்வரை பொறுப்பார்கள். சூரியன் மறைந்ததை உறுதிசெய்ய அவர்கள் கேட்கும் சாட்சி அந்தச் செம்மை; விதியை மாற்றவில்லை.

மாதத் தொடக்கத்தை முடிவுசெய்யும் பிறை விஷயமும் இப்படித்தான். ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் குரைப் என்பவர் அறிவிக்கும் செய்தியை நீ கட்டாயம் படிக்க வேண்டும். எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. சிரியாவில் வெள்ளி இரவே பிறை தெரிந்தது, ஆட்சியாளர் முஆவியாவும் நோன்பு வைத்தார் என்று குரைப் மதீனாவுக்கு வந்து சொல்கிறார். நாங்கள் சனி இரவுதான் பார்த்தோம், எங்கள் கணக்கு அதுதான் என்கிறார் நபித்தோழர் இப்னு அப்பாஸ். ஆக, நபித்தோழர் காலத்திலேயே ஊருக்கொரு பிறை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபு (சட்ட மரபு) இதை வைத்துத்தான் அவரவர் வட்டாரப் பிறையை வலியுறுத்துகிறது. உள்நாட்டு ராவுத்தர்களின் ஹனஃபி மத்ஹபிலோ, ஓரிடத்தில் பார்த்தால் எல்லோருக்கும் போதும் என்ற கருத்துக்கு வலு அதிகம். நடைமுறையில் இரு தரப்பிலும் பெரும்பாலோர் தலைமை காஜியின் அறிவிப்பைத்தான் ஏற்கிறார்கள். சவூதி அறிவிப்பைப் பார்ப்பவர்களும் உண்டு.

வானியல் கணக்கைப் போட்டு ஒரே நாளாக்கினால் என்ன என்று அடுத்து கேட்பாய். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பதுதான். கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. தாவூதி போரா சமூகத்தார் ஃபாத்திமிய மரபிலிருந்து வந்த நிலையான நாட்காட்டியை வைத்திருக்கிறார்கள். பிறைக்குக் காத்திருப்பதில்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் முந்திவிடுகிறார்கள். துருக்கியும் கணக்குத்தான் போடுகிறது, ஆனால் அளவுகோல் வேறு. அமாவாசை எந்த நொடியில் என்பதைக் கணக்கு துல்லியமாகச் சொல்லும். அதற்கு எத்தனை மணி நேரம் கழித்து, அடிவானத்தில் எந்த உயரத்தில் நிலவு இருந்தால் அதைப் பிறை என்று ஏற்பது என்பதை மனிதர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும், அங்கே மறுபடி கருத்து பிரியும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்