ஹார்டு லென்ஸுக்குத் தண்ணீர் ஆகாது

பனமலையில் தண்ணீருக்கு வழி பல: நந்தன் கால்வாய் வந்து சேரும் ஏரி, கழனிக்குக் கழனி போர், மாடியில் டேங்க், கடையில் கேன். இதில் எதுவும் கண்ணில் போடும் ஹார்டு லென்ஸின்மேல் படக்கூடாது. கெரட்டோகோனஸ் என்று சொல்லி, கருவிழி கூம்பிப்போனதற்காக இந்த லென்ஸ் வாங்கி வரும் இளைஞர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஏரி, மண், குழாய், டேங்க் என்று எங்கும் வாழும் நுண்ணுயிர் ஒன்று உண்டு, அகாந்தமீபா என்பார்கள். தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் எளிதில் சாகாது. லென்ஸோடு ஒட்டிப்போய், கருவிழியில் உள்ள சின்னக் கீறல் வழியாக நுழைந்துவிட்டால், மாதக்கணக்கில் மருந்து போட வேண்டிவரும். பார்வையே போகவும் கூடும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் ஃபில்டர் தண்ணீரும்கூட வேண்டாம். லென்ஸை வாயில் வைத்து ஈரப்படுத்துவதும் ஆபத்து.

காலையில் குளித்து முடித்த பிறகே லென்ஸ். தலைக்கு எண்ணெய் தடவுவது, கண்மை இடுவது எல்லாம் அதற்கும் பிறகு. வாசனையோ க்ரீமோ இல்லாத சோப்பால் கை கழுவி, நூல் பிரியாத சுத்தமான துணியில் ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். வாஷ்பேசின் பக்கம் நிற்காதீர்கள். ஹார்டு லென்ஸின் குறுக்களவு பெரும்பாலும் 9 முதல் 10 மில்லிமீட்டர்தான், குழாய்க்குள் போனால் போனதுதான். மேஜைமேல் ஒரு தட்டு வைத்து உட்காருங்கள். எப்போதும் வலது கண்ணிலிருந்தே தொடங்கினால் லென்ஸ் மாறாது. வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, டாக்டர் சொன்ன சொல்யூஷன் ஒரு சொட்டு விட்டுப் போடுங்கள்.

இரவில் செய்வதுதான் முக்கியமான வேலை. மிளகாய் அரிந்த கை என்றால் இன்னும் நன்றாகக் கழுவுங்கள். கழற்றிய லென்ஸை உள்ளங்கைக் குழியில் வைத்து, க்ளீனர் விட்டு, விரல் நுனியால் இருபுறமும் 20 விநாடியாவது மெதுவாகத் தேயுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் லென்ஸ் வளைந்துவிடும். சலைன் விட்டு அலசி, டப்பாவில் புதுச் சொல்யூஷன் ஊற்றிப் போட்டு வையுங்கள். நேற்றைய சொல்யூஷனில் கொஞ்சம் சேர்த்து நிரப்புவது தப்பு; கிருமியைக் கொல்லும் வீரியம் அதில் இருக்காது. பெராக்சைடு வகை என்றால் அதற்கென்று தரும் டப்பாவில், குறித்த நேரம் முழுவதும் ஊற வேண்டும். அவசரப்பட்டு எடுத்துப் போட்டால் கண் எரிந்துபோகும்.

டப்பாவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லென்ஸை எடுத்ததும் பழையதைக் கொட்டி, சொல்யூஷனாலேயே அலசி, துடைத்து, கவிழ்த்துக் காயவிடுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சொல்யூஷன் பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் பேனாவால் எழுதி வையுங்கள். வண்டி டேங்க் கவரில் வெயிலில் கிடந்தால் லென்ஸ் உருக்குலையலாம்.

இனி தூசி. கண் சிமிட்டும்போதெல்லாம் ஹார்டு லென்ஸ் கொஞ்சம் நகர்ந்து, அடியில் புதுக் கண்ணீர் போகும். அதோடு தூசியும் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நெல் அறுக்கும் மெஷின் ஓடும் நாளிலும், செஞ்சிச் சாலையில் பைக்கில் போகும்போதும் பக்கம் மூடிய கண்ணாடி போடுங்கள். உறுத்தினால் கசக்காதீர்கள், கசக்கக் கசக்கக் கூம்பலும் அதிகமாகும். கழற்றி, சலைனில் அலசிப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். லென்ஸோடு ஏரியிலோ கிணற்றிலோ இறங்கவும் வேண்டாம், தூங்கவும் வேண்டாம்.

லென்ஸைக் கழற்றிய பிறகும் சிவப்பு, வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம் இருந்தால் அன்றே கண் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் மோசமாகும். பனமலையிலிருந்து போக, புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இருக்கிறது. லென்ஸ், டப்பா, சொல்யூஷன் பாட்டில் மூன்றையும் கழுவாமல் அப்படியே எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தும் பரிசோதித்துப் பார்க்க முடியும்.