தெபேவா மக்கள்: அக்கம்பக்கத்தார் பெயரில் தொலைந்தவர்கள்

மெக்சிகோவின் கிழக்குப் பக்கம், கிழக்கு சியரா மாட்ரே மலைத்தொடர் வளைகுடாக் கடற்கரையை நோக்கி இறங்குகிறது. அந்தச் சரிவில் இதால்கோ, வெராக்ரூஸ், புவெப்லா என்ற மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கி வரும் இடத்தில் தெபேவா மக்களின் ஊர்கள் இருக்கின்றன. மக்காச்சோளமும் காபியும் விளையும் ஈரமான மலைநாடு அது. சுற்றிலும் ஒதோமி, நவா, தோதோனாக் மக்கள். இந்த மூன்று இனத்தாரும் எண்ணிக்கையில் பெரியவர்கள். அதனால்தானோ என்னவோ, தெபேவாக்களைப் பற்றிப் புழங்கும் தவறான செய்திகளில் பல, அவர்களை வேறு யாரோடாவது சேர்த்துப் பார்ப்பதால் வருபவை.

நம்பிக்கை: தெபேவாவும் தெபேவானும் ஒரே இனம்.

உண்மை: இல்லவே இல்லை. தெபேவான் மக்கள் வடமேற்கே துராங்கோ, சிவாவா மாநிலங்களில் வாழ்பவர்கள். இரு நிலங்களுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தாலே 700 கிலோமீட்டருக்கு மேல். தெபேவான் மொழி உட்டோ-அஸ்டெக் குடும்பத்தைச் சேர்ந்தது. தெபேவா மொழிக்கு அந்தக் குடும்பத்தோடு உறவில்லை. இரண்டு பெயர்களுமே நவாட்ல் மொழியிலிருந்து வந்தவை, மலையைக் குறிப்பவை. மற்றவர்கள் வெளியிலிருந்து சூட்டிய பெயர்கள் ஒத்துப்போயின, அவ்வளவுதான். 1616இல் ஸ்பானியர்களுக்கு எதிராக வெடித்த புகழ்பெற்ற கிளர்ச்சியைச் சிலர் தெபேவாக்களின் கணக்கில் எழுதுவதுண்டு. அது துராங்கோவில் தெபேவான்கள் நடத்தியது. ஒருவரின் வரலாற்றை இன்னொருவருக்குக் கொடுத்தால் இருவருக்குமே அநீதி.

நம்பிக்கை: அவர்கள் பேசுவது தோதோனாக் மொழியின் ஒரு வட்டார வழக்கு.

உண்மை: தோதோனாக்கும் தெபேவாவும் ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு கிளைகள். உறவு உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றின் வழக்கு அல்ல. வேறுபாடு ஒலியிலேயே காதில் விழும். தெபேவாவில் க, ச, ட போன்ற மெய்களில் ஒரு வகையைச் சொல்லும்போது தொண்டையை ஒரு கணம் இறுக மூடி, பிறகு வெடிப்பது போல் விடுகிறார்கள். தோதோனாக்கில் அந்த இறுக்கம் மெய்யில் இல்லை. பக்கத்து உயிரில் ஏறி, குரல் கரகரக்கிறது. ஒரே பழைய ஒலிப்பண்பு ஒரு வீட்டில் மெய்யிலும் மறு வீட்டில் உயிரிலும் குடியேறியிருக்கிறது. இப்படிப் பிரிவதற்கு நெடுங்காலம் பிடித்திருக்கும்.

நம்பிக்கை: ‘ஒதோமி-தெபேவா மலைப்பகுதி’ என்றே பெயர் இருப்பதால், அங்கே இரு இனத்தாரும் சரிபாதி.

இதால்கோ மாநிலத்தின் கிழக்கு மூலைக்கு வழங்கும் பெயர் இது. ஆனால் அங்கே தெபேவாக்கள் பெரும்பாலும் வேவேத்லா நகராட்சிப் பகுதியிலேயே இருக்கிறார்கள். சான் பார்டோலோ டுடோடெபெக், தெனாங்கோ தே தோரியா இரண்டும் ஒதோமிகளின் ஊர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் வண்ண வண்ணமாகப் பறவையும் விலங்கும் பூத்தையலாக நிறையும் ‘தெனாங்கோ’ துணி உலகச் சந்தைக்கே போய்விட்டது. அதைத் தெபேவாக் கலை என்று அறிமுகப்படுத்துவது தவறு. 1960களில் அந்த வடிவம் பெற்றதும், இன்றுவரை வளர்வதும் ஒதோமிப் பெண்களின் கையில்.

இதே தவறு மறுதிசையிலும் நடக்கிறது. காகிதத்தில் உருவம் வெட்டிச் சடங்கு செய்வது ஒதோமிகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சான் பாப்லிடோ என்ற ஒதோமி ஊர் மரப்பட்டைக் காகிதத்துக்குப் பெயர் பெற்றது என்பதால் வந்த எண்ணம் அது. இந்த வட்டாரத்தில் நவாக்களும் தெபேவாக்களும் கூட அதைச் செய்கிறார்கள். காகிதத்தை மடித்து, கத்தரியால் வெட்டி, விரித்தால் இடமும் வலமும் ஒன்றுபோல் அமைந்த ஓர் ஆள் வெளிப்படுகிறார். அது விதையின் உயிராகவும் இருக்கலாம், நோய் கொண்டுவரும் கெட்ட காற்றாகவும் இருக்கலாம். சாம்பிராணி போன்ற கோபால் புகை, சாமந்திப்பூ, சாராயம், கூடவே வயலினும் கித்தாரும். இந்த வழிபாட்டுக்கு ஸ்பானிய மொழியில் ‘கோஸ்தும்ப்ரே’, அதாவது வழக்கம், என்றுதான் பெயர். தெபேவாக்கள் கத்தோலிக்கரும்தான், அவர்களின் கதைகளில் சூரியனும் கிறிஸ்துவும் ஒருவரே.

நம்பிக்கை: தெபேவா ஒரே மொழி பேசும் ஒரே கூட்டம்.

இந்தத் தவறான எண்ணம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. இதால்கோவின் வேவேத்லா ஒன்று. வெராக்ரூஸில் இஷ்வத்லான் தே மதேரோ நகராட்சியைச் சேர்ந்த பிசாஃப்ளோரஸ் இன்னொன்று. அதே மாநிலத்தின் த்லாசிசில்கோ மூன்றாவது. மூன்றும் தனித்தனி வழக்குகள். ஒருவர் பேச்சு அடுத்தவருக்கு எளிதில் பிடிபடாது. இவை தவிர புவெப்லாவில் மெகபலாபா என்ற ஊரில், தோதோனாக்குகளுக்குப் பக்கத்தில், ஒரு சிறு தெபேவாச் சமூகம் இருக்கிறது.

ஊர்ப்பெயர்கள் வேறு ஆளைக் குழப்பும். புவெப்லாவிலும் ஒரு வேவேத்லா உண்டு, அது தோதோனாக் ஊர். இதால்கோவிலும் ஒரு பிசாஃப்ளோரஸ் உண்டு, அது தெபேவா ஊரே அல்ல. மாநிலத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லாத எந்தக் குறிப்பையும் நம்ப வேண்டாம்.

அறிஞர்களின் நூல்களைப் படிக்கும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். பிரெஞ்சு மானுடவியலாளர் ரொபேர் ஜெசான் 1938இல் எழுதியது வேவேத்லா வட்டாரச் சடங்குகளைப் பற்றி. ரொபெர்தோ வில்லியம்ஸ் கார்சியாவின் ‘லோஸ் தெபேவாஸ்’ 1963இல் வந்தது. தலைப்பு மொத்த இனத்தையும் சொல்கிறது. உள்ளே இருப்பது முக்கியமாக பிசாஃப்ளோரஸ். ஜேம்ஸ் வாட்டர்ஸ் ஆராய்ந்த இலக்கணம் த்லாசிசில்கோவினுடையது. சூசன் கங் 2007இல் எழுதிய இலக்கணம் மறுபடி வேவேத்லாவினுடையது. ஒவ்வொருவரும் ஓர் ஊரில் உட்கார்ந்து செய்த அருமையான உழைப்பு. அந்த ஓர் ஊரை எல்லா ஊராக்கியவர்கள் வாசித்தவர்கள்தான்.

நம்பிக்கை: இந்த மக்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தெபேவா பேசுவோர் சுமார் 8,900 பேர். சிறிய எண்தான், ஆனால் மறைந்துபோன எண் அல்ல. வேலை தேடிப் பெரிய நகரங்களுக்கும் அமெரிக்காவுக்கும் போவோர் உண்டு. இளையவர்கள் ஸ்பானியத்துக்கு நகர்வது உண்மையான கவலை.

அவர்கள் பேசுவதும் ஒரே மொழி அல்ல. மெக்சிகோவின் தேசிய பழங்குடி மொழிகள் நிறுவனம் 2008இல் வெளியிட்ட பட்டியல் தெபேவாவை வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்றாகப் பிரித்தது: வடக்கு பிசாஃப்ளோரஸ், தெற்கு வேவேத்லா, மேற்கு த்லாசிசில்கோ. கல்வி, மருத்துவம், நீதி ஆகியவற்றில் ஒவ்வொரு வழக்கையும் தனி மொழியாகவே நடத்த வேண்டும் என்கிறது அந்தப் பட்டியல். த்லாசிசில்கோக்காரர் ஒருவரின் நீதிமன்ற வழக்குக்கு வேவேத்லாவிலிருந்து மொழிபெயர்ப்பாளரை அழைத்துவந்து, ‘தெபேவா தெரிந்தவர் வந்தாயிற்று’ என்று கோப்பை மூட முடியாது.