சூரைச்செடியின் கீழே



2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு வாசலில் நின்று டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் கை தட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? தட்டு, கரண்டியோடு வந்தவர்களும் உண்டு. சரியாக 28 நாளில், ஏப்ரல் 19 அன்று, சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவினால் மரித்தார். சரீரத்தைக் கொண்டுபோன ஆம்புலன்ஸை ஜனங்கள் கல்லாலும் கட்டையாலும் அடித்தார்கள். கடைசியில் அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார், ஆஸ்பத்திரி ஊழியர் இரண்டு பேரோடு, ராத்திரியில் வேலங்காடு மயானத்தில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார்.

அந்த வாரமே மருத்துவ ஊழியரைத் தாக்கினால் 7 வருஷம் வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. அடக்கத்தைத் தடுக்கிறவர்களுக்குத் தமிழக அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் பயத்தையும் அவமானத்தையும் சட்டம் ஆற்றுமா?

மணிக்கணக்காகக் கவச உடைக்குள் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் வேலை. டூட்டி முடிந்தால் தனிமை. பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாது. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர்களும் இருந்தார்கள். 2021 மே மாதமோ ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த குடும்பங்களின் அழுகையையும் கேட்டார்கள். நம்ம ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி ஊரெல்லாம் போகிறது. இந்தக் காயத்துக்கு அது உதவாது.

இப்படி நொந்துபோய் வந்த சகோதரியிடம் விசுவாசி ஒருவர், "விசுவாசம் குறைஞ்சு போச்சும்மா" என்றால் எப்படியிருக்கும்? வேதத்தைத் திறந்து பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேலில் அக்கினியை இறக்கின அதே எலியாதான் சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டான். தூதன் அவனைக் கடிந்துகொண்டானா? இல்லை. சூடான அடையும் தண்ணீரும் வைத்தான். தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கேள்வி கேட்டதெல்லாம் 40 நாள் கழித்து, ஓரேபில்தான்!

ஆகவே சோழபுரத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உங்கள் பக்கத்து வீட்டு நர்ஸம்மா நைட் டூட்டி முடித்து வந்தால், முதலில் ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். இப்போதும்கூட சிலர் பேசி முடிக்கவில்லை. தூக்கமே வரவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால், ஜெபத்தோடு நிறுத்தாமல் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் 2022 முதல் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.