ஆடு ஆடாகத் தெரிய: கணினியில் கோட்டோவியம் வரைதல்

இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பயிற்சித்தாளில் ஆட்டின் படத்துக்குக் கீழே 'கரடி' என்று எழுதியிருந்தான். தவறு என்று சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். மாலையில் தாள்களை அடுக்கும்போதுதான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். இணையத்திலிருந்து நான் எடுத்த வண்ணப் புகைப்படம் அது. நம் ஊர் ஆடுகூட அல்ல. கம்பளி அடர்ந்த வெளிநாட்டுச் செம்மறி. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, அதை நகலெடுத்து, அந்த நகலையும் நகலெடுத்ததில் கால் எது, வயிறு எது என்று தெரியாத கரிய திட்டாகிவிட்டிருந்தது. அந்தப் பையனின் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆட்டை 'மேக்க' என்பான்; தமிழில் 'ஆடு' என்றும் அவனுக்குத் தெரியும். மறுநாள் தாளைக் காட்டி, "இது ஆடுடா தம்பி" என்றேன். "ஆடு இப்படியா சார் இருக்கும்?" என்று கேட்டான்.

பர்கூர் வட்டாரப் பள்ளிகளில் பணிபுரியும் நம்மில் பலருக்கும் இது புதிதல்ல. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எனப் பல வீட்டுமொழிகளோடு குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல் தெரியாத இடத்தில் அவர்களுக்குக் கைகொடுப்பது படம்தான். அந்தப் படமே குழப்பினால் நாம் சோதிப்பது மொழியறிவை அல்ல, கண்பார்வையை.

இதற்கு எளிய வழி கோட்டோவியம். நிழலும் வண்ணமும் இல்லாமல் வெளிக்கோட்டாலேயே பொருளைக் காட்டுவது. எத்தனை முறை நகலெடுத்தாலும் கறுப்புக் கோடு கறுப்புக் கோடாகவே நிற்கும். குறைந்த விவரங்களிலேயே உருவத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பர்கூருக்கு அருகிலுள்ள மல்லப்பாடிக் குன்றில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பாறை ஓவியங்கள் உள்ளன. 1970களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். குதிரைமேல் அமர்ந்து மோதும் வீரர்களை முகமோ நிழலோ இல்லாமலே இன்றும் குழந்தைகள் சட்டென்று கண்டுகொள்கிறார்கள்.

'எனக்கு ஓவியம் வராதே' என்று ஒதுங்கும் ஆசிரியர்களுக்குத்தான் கணினி அதிகம் உதவும். 'பெயின்ட்' போன்ற மென்பொருளில் வரைந்த படம் சிறுசிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டாகும். வெக்டார் மென்பொருளோ கோட்டைக் கணக்காக வைத்துக்கொள்கிறது: இந்த இடத்தில் தொடங்கு, இந்த அளவு வளை, அங்கே முடி. அதனால் விரல் நகம் அளவுப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடு கலையாது. மின்னட்டைக்கும் வகுப்பறைச் சுவருக்கும் ஒரே கோப்பு போதும்.

இங்க்ஸ்கேப் இத்தகைய மென்பொருள். 2003 முதல் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்து வருகிறது. விலை இல்லை, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

ஆட்டையே வரைவோம். முதலில் உங்கள் கைப்பேசியில் உள்ளூர் ஆடு ஒன்றைப் பக்கவாட்டில் படமெடுங்கள். நான்கு கால்களும் தெரிவது முக்கியம். அந்தப் படத்தை இங்க்ஸ்கேப்பில் இறக்கி, பாதி மங்கலாக்கி, அது இருக்கும் அடுக்கைப் பூட்டிவிடுங்கள். அதற்கு மேல் புதிய அடுக்கு ஒன்றைத் திறந்து அதில்தான் வரைய வேண்டும். பேனாக் கருவியை எடுத்து நெற்றியில் ஒரு சொடுக்கு, கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் ஒன்று, வால் தொடங்கும் இடத்தில் ஒன்று என்று திரும்பும் இடங்களில் மட்டும் கணு வையுங்கள். நேர்கோடு வேண்டுமானால் சொடுக்கினால் போதும். வளைவு வேண்டுமானால் சொடுக்கிய விரலை எடுக்காமல் இழுங்கள். கணுவின் இருபுறமும் கைப்பிடிகள் முளைக்கும். அவற்றின் நீளமும் திசையும்தான் வளைவைத் தீர்மானிக்கின்றன. தொடங்கிய கணுவிலேயே வந்து சொடுக்கினால் உருவம் மூடிக்கொள்ளும்.

கோலம் போடுகிறவர்களுக்கு இது விரைவில் பிடிபடும். ஒரு வேறுபாடு உண்டு. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும். இங்கே புள்ளி வழியாகவே போகும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, கணுக்களை அள்ளி இறைப்பது. என் முதல் ஆட்டில் தொண்ணூறுக்கு மேல் கணுக்கள். முதுகு சீப்பின் பல் போல இருந்தது. இப்போது இருபத்தைந்தைத் தாண்டுவதில்லை. கோடு கோணலானாலும் அழிக்க வேண்டாம். கணுக் கருவியை எடுத்து நகர்த்தினால் போதும், தேவையற்ற கணுவை நீக்கலாம். புகைப்படத்தைத் தானாகக் கோடாக்கும் வசதியும் இதில் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நிழலையும் புல்லையும் சேர்த்துக் கோடாக்கித் தருவதால், திருத்தும் வேலை வரைவதைவிட அதிகம்.

உடல், காது, கொம்பு ஆகியவற்றைத் தனித்தனி உருவங்களாக வரைந்து, உள்ளே வெள்ளை நிறம் நிரப்புங்கள். காதுக்குப் பின்னால் இருக்கும் கழுத்துக்கோடு தானே மறைந்துவிடும். கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நம் நகல் இயந்திரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். முனைகளை வட்டமாக்கிவிட்டால் பார்க்க மென்மையாக இருக்கும். படத்தைச் சிறிதாக்கும்போது கோடும் மெலிந்துவிடலாம். அச்சிடும் முன் ஒருமுறை தடிமனைச் சரிபாருங்கள். கோட்டின் பாணியைத் துண்டுக்கோடாக மாற்றினால், அதே ஆடு குழந்தைகள் மேலே எழுதிப் பழகும் படமாகிவிடும். எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்துக்கொண்டு, பயிற்சித்தாளில் சேர்க்க 300 டி.பி.ஐ. அளவில் பி.என்.ஜி. ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.

அடுத்து என்ன வரையலாம்? கேழ்வரகுக் கதிர், பெங்களூரா மாங்காய், கல் உடைக்கும் சுத்தியல், துணிக்கடையின் அளவுகோல். மாடு வரைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பர்கூர் மாடு' என்று தேடினால் கிடைக்கும் பழுப்பில் வெள்ளைத் திட்டுள்ள அழகிய மாடு, ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த பர்கூர் மலையைச் சேர்ந்தது. நம் பர்கூருக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் ஸ்கிராட்ச் மென்பொருளில் பாத்திரங்களின் தோற்றத்தை வரையும் பகுதி வெக்டார் முறையிலும் இயங்கும். கணுவை அங்கேயே அறிமுகப்படுத்திவிடலாம். இந்த வளைகோட்டுக்குப் பெசியே வளைவு என்று பெயர். 1960களில் பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியே என்ற பொறியாளர் கார் உடலின் வளைவுகளை வடிவமைக்க இதைக் கையாண்டு பரப்பினார். அதே நாட்டின் சித்ரோவன் நிறுவனத்தில் தெ காஸ்தெல்ஜோ இன்னும் முன்பே, 1959இல், இதற்கான கணக்கைக் கண்டிருந்தார். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகப்போகும் நம் மாணவர்கள் அங்கே பார்க்கும் லேசர் வெட்டு இயந்திரம் பின்தொடர்வதும் இப்படிப்பட்ட கோட்டைத்தான். அதைப் பார்க்கும் நாளில் கணு என்பது அவர்களுக்குப் பழகிய சொல்லாக இருக்கட்டும்.

புதிய ஆட்டை அச்செடுத்து முதலில் அந்தப் பையனிடம்தான் காட்டினேன். சற்று நேரம் பார்த்தான். "ஆடுதாங்க சார். ஆனா காது இன்னும் தொங்கணும்" என்றான். மடிக்கணினியைத் திறந்து, அவன் பக்கத்தில் நிற்க, இரண்டு கணுக்களைக் கீழே இழுத்தேன்.