சுவருக்கு எந்தக் கல்? மைன்கிராஃப்டில் வீடு கட்டுபவர்களுக்கு

போன கோடை விடுமுறையில் அக்கா மகள் மைன்கிராஃப்டில் பாலைவனத்துக்கு நடுவே ஒரு கோட்டை கட்டினாள். மணற்கல் சுவர், நான்கு மூலையிலும் கோபுரம், மூன்று நாள் உழைப்பு. நான்காம் நாள் ஆட்டத்தில் இருட்டியதும் ஒரு கிரீப்பர் வாசலை ஒட்டி வெடித்தது. "மாமா, வந்து பாருங்களேன், வாசலையே காணோம்!" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் வாசல், அதன் இரு பக்கத்துச் சுவர், கீழே தரை எல்லாம் சேர்ந்து ஒரே பள்ளம். "கல்லுதானே மாமா, தாங்கும்னு நெனச்சேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் ஆட்டம் வைத்திருக்கும் எண்களைப் பார்த்தோம். இங்கே தருபவை ஜாவா பதிப்பின் எண்கள்.

ஒவ்வொரு பிளாக்குக்கும் இரண்டு எண் உண்டு. ஒன்று கடினம்: அதை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது. இன்னொன்று வெடியைத் தாங்கும் அளவு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதால்தான் பலர் தவறான கல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெட்டுவதற்குக் கை வலிக்கிற கல் வெடிக்கும் நன்றாகத் தாங்கும் என்று மனசு சொல்லும். ஆட்டத்தின் கணக்கு வேறு.

சாதாரணக் கல், காபிள்ஸ்டோன், கல் செங்கல், கிரானைட், டயோரைட், ஆண்டெசைட், டஃப், டீப்ஸ்லேட், நெதரில் கிடைக்கும் பிளாக்ஸ்டோன் எல்லாமே வெடிக்கு எதிரே 6. துளி வித்தியாசம் கிடையாது. ஆகவே இவற்றுக்குள் எதை எடுத்தாலும் பாதுகாப்பில் ஒரே வீடுதான். கிரீப்பர் ஒட்டி நின்று வெடித்தால் முன்வரிசையில் சில பிளாக் போகும், உள்ளே ஆழமாகப் போகாது. மணற்கல்லோ வெறும் 0.8. மரப்பலகைக்கே 3 என்றால் பாருங்கள், அவள் கோட்டையைப் பலகையில் கட்டியிருந்தால்கூட சேதம் குறைந்திருக்கும். கால்சைட் இன்னும் மோசம், 0.75. பசால்ட் நடுவில் நிற்கிறது, 4.2.

பாலைவனத்தில் கட்டியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்த மணற்கல்லையே உலையில் போட்டுச் சுட்டால் வழவழப்பான மணற்கல் ஆகும். நிறம் மாறாது, கோடுகள் மட்டும் மறையும். வெடியைத் தாங்கும் அளவு 0.8-இலிருந்து 6-க்கு ஏறிவிடும். குவார்ட்ஸ் பிளாக்குக்கும் இதே கதைதான்: சுடாதது 0.8, சுட்டது 6. வெள்ளை மாளிகை கட்ட ஆசைப்படுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

அப்படியானால் 6 வாங்கிய கற்களுக்குள் எப்படித் தேர்ந்தெடுப்பது? என் கணக்கு உழைப்பிலிருந்து தொடங்கும். பெரும்பாலானவர்கள் கல் செங்கல்லில் தொடங்குகிறார்கள், பழைய கோட்டைக் களை அதற்கு உண்டு. ஆனால் அதன் உண்மையான விலை உலையில் இருக்கிறது. கல்லை வெட்டினால் கையில் வருவது காபிள்ஸ்டோன். அதைச் சுட்டால்தான் மறுபடி கல். நான்கு கல் சேர்ந்தால் நான்கு செங்கல். ஒரு பிளாக் சுட 10 விநாடி, 64 பிளாக் கொண்ட ஓர் அடுக்குக்கு 10 நிமிடம் 40 விநாடி, எட்டு நிலக்கரி. கனிமங்களை வேகமாக உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸ் கல்லைத் தொடாது. சில்க் டச் மந்திரம் ஏற்றிய பிக்காக்ஸ் கிடைத்துவிட்டால் கல்லைக் கல்லாகவே எடுத்துவிடலாம், உலையே வேண்டாம். அதுவரை ஏழெட்டு உலைகளை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டீப்ஸ்லேட்டை வெட்டப் பலரும் சலித்துக்கொள்வார்கள். கடினம் 3, சாதாரணக் கல்லுக்கு 1.5. இரும்பு பிக்காக்ஸால் கல் 0.4 விநாடியில் உடையும், டீப்ஸ்லேட்டுக்கு 0.75. எஃபிஷியன்சி ஐந்து ஏற்றிய வைர பிக்காக்ஸோடு பீக்கனின் இரண்டாம் நிலை வேகமும் சேர்ந்தால் கல் தொட்டவுடன் மறைந்துவிடும். டீப்ஸ்லேட் அப்போதும் மறையாது. இருந்தும் நான் அதன் பக்கம்தான். உடைந்து விழும் துண்டு டீப்ஸ்லேட்டை அப்படியே ஸ்டோன்கட்டரில் வைத்து மெருகிட்டதாகவோ, செங்கல்லாகவோ, ஓடாகவோ அறுத்துக்கொள்ளலாம். உலை வேண்டாம், கரி வேண்டாம், காத்திருப்பும் இல்லை. வெட்டுவதில் போகும் கால் விநாடி, அரை விநாடியெல்லாம் சுடுவதில் மிச்சமாகும் பத்து விநாடிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான்கு வகைக்கும் படி, ஸ்லாப், மெல்லிய சுவர்த்துண்டு மூன்றும் உண்டு. கூரைக்கு டீப்ஸ்லேட் ஓட்டை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

வடிவங்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, கட்டி முடித்த பிறகு அழவைப்பது அதுதான். சாதாரணக் கல்லுக்குப் படி இருக்கிறது, சுவர்த்துண்டு இல்லை. இருமுறை சுட்டெடுத்த வழவழப்பான கல்லுக்கு ஸ்லாப் மட்டும். மெருகிட்ட கிரானைட், டயோரைட், ஆண்டெசைட்டுக்குச் சுவர்த்துண்டு இல்லை, மெருகிடாதவற்றுக்கு உண்டு. டஃப் 2021-இல் வந்தபோது வெறும் பிளாக்தான். 2024 ஜூனில் வந்த 1.21 பதிப்புக்குப் பிறகுதான் படியும் செங்கல்லும் கிடைத்தன. லேசான பச்சை கலந்த அந்தச் சாம்பல் நிறத்தைப் பழைய பழக்கத்தில் ஒதுக்கியவர்கள் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். எந்தக் கல்லானாலும் படிகளை ஸ்டோன்கட்டரிலேயே அறுங்கள். வேலை மேசையில் ஆறு பிளாக் போட்டால் நான்கு படிதான் வரும். ஸ்டோன்கட்டரில் ஒன்றுக்கு ஒன்று. அதைச் செய்ய ஓர் இரும்புக் கட்டியும் மூன்று கல்லும் போதும்.

2014-இல் 1.8 பதிப்போடு வந்த மூன்று புள்ளிக் கற்களில் ஆண்டெசைட்தான் அதிகம் உதவுவது. சாம்பல் நிறம், எதன் பக்கத்திலும் அடங்கி நிற்கும். தரைக்கும் பாதைக்கும் மெருகிட்டது பொருத்தம். நம் வீட்டுச் சமையல் மேடையில் பார்த்த கறுப்பை எதிர்பார்த்து கிரானைட்டைத் தேடாதீர்கள். இங்கே அது செம்மண் கலந்த இளஞ்சிவப்பு. செங்கல், டெரகோட்டாவோடு சேரும், பச்சைப் புல்வெளி நடுவே தனியாக நின்றால் கண்ணை உறுத்தும். டயோரைட்டில் வெள்ளைமேல் கரும்புள்ளி, பெரிய சுவராக எழுப்பினால் பார்வை அலையும். ஆனால் டயோரைட்டோடு குவார்ட்ஸைச் சேர்த்தால் கிரானைட் ஆகும் என்ற ஆட்டத்தின் செய்முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிஜ டயோரைட்டில் குவார்ட்ஸ் மிகக் குறைவு, நிஜ கிரானைட்டில் தாராளம். நிலவியல் படித்த யாரோ யோசித்து வைத்தது போலவே இருக்கிறது.

நெதருக்குள் வீடு என்றால் கேள்வி சுருங்கிவிடும். நெதர்ராக் 0.4 மட்டுமே, காஸ்ட் துப்பும் தீயுருண்டைக்கு உதிர்ந்துவிடும், பற்றினால் அணையாது. காபிள்ஸ்டோனை அந்தத் தீயுருண்டை உடைக்காது. வாசலைச் சுற்றி முதலில் காபிள்ஸ்டோனை எழுப்புங்கள், அழகுக்குப் பிளாக்ஸ்டோனைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அப்சிடியனுக்கு 1200. வைர பிக்காக்ஸால் வெட்டினாலும் ஒரு பிளாக்குக்கு 9.4 விநாடி. நிஜத்தில் அது எரிமலைக் கண்ணாடி, சுத்தியலால் தட்டினால் சில்லு சில்லாகும். ஆட்டத்தில் மட்டும் இந்த வலிமை. வீடு முழுவதும் வேண்டாம், பெட்டிகள் வைக்கும் ஓர் அறைக்குப் போதும்.

முடிவெடுக்கும் முன் ஐந்துக்கு ஐந்து மாதிரிச் சுவர் ஒன்றை வெளியே எழுப்பி வையுங்கள். பகலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, பந்தம் வைத்து இரவில் ஒருமுறை பாருங்கள். டீப்ஸ்லேட் இரவில் கறுத்துப் போய் சன்னல் எது, சுவர் எது என்று தெரியாமல் போவது அப்போதுதான் தெரியவரும். அக்கா மகள் இரண்டாவது கோட்டைக்கு முன் நான்கு மாதிரிச் சுவர் எழுப்பினாள். கடைசியில் சுட்ட மணற்கல் சுவருக்கு டீப்ஸ்லேட் ஓட்டுக் கூரை போட்டாள். அந்த நான்கு துண்டுச் சுவரும் வாசலுக்கு வெளியே இன்னும் நிற்கின்றன. இடிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.