அனுமதி வரியை அழிக்காதீர்கள்

அலுவலகத்தில் ஐந்தாறு லினக்ஸ் சர்வர்கள். எதற்கும் நேரடி இன்டர்நெட் கிடையாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் உபுண்டு அப்டேட் மட்டும் வந்தாக வேண்டும். சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்த வேலை உங்கள் தலையில் விழலாம். பயப்படாதீர்கள், டைனிபிராக்ஸி என்ற சிறிய பிராக்ஸி மென்பொருள் போதும். ஏறக்குறைய 2 எம்பி நினைவகத்தில் ஓடிவிடும். மூலையில் கிடக்கும் பழைய மெஷினே தாங்கும். இறக்கியதைச் சேமித்து வைத்துத் திரும்பத் தரும் கேஷ் வசதி இதில் இல்லை. அது வேண்டுமானால் ஸ்க்விட் பக்கம் போங்கள்.

ஆப்ட் மூலம் நிறுவியதும் 8888 போர்ட்டில் காத்திருக்கும். பக்கத்து சர்வரிலிருந்து தொட்டுப் பார்த்தால் 403 என்று மறுக்கும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். கான்ஃபிக் கோப்பில் 'அலவ்' என்று தொடங்கும் வரிகள் டைனிபிராக்ஸி ஓடும் மெஷினை மட்டுமே, அதாவது 127.0.0.1-ஐ மட்டுமே, உள்ளே விடும். அவற்றின் முன்னால் # போட்டு ரீஸ்டார்ட் செய்தால் உடனே எல்லாம் ஓடும். மேலாளரும் சபாஷ் என்பார். ஆனால் அலவ் வரி ஒன்றுகூட இல்லாவிட்டால் டைனிபிராக்ஸி வருகிறவர் எவரையும் தடுக்காது. அந்த மெஷினுக்குப் பொது ஐபி இருந்தால் கதை முடிந்தது. திறந்து கிடக்கும் பிராக்ஸிகளைத் தேடி ஸ்கேனர்கள் இரவும் பகலும் இணையத்தை அலசுகின்றன. யாரோ செய்யும் திருட்டு வேலை உங்கள் அலுவலக முகவரியில் பதிவாகும்.

ஆகவே அழிக்காதீர்கள்; சேருங்கள். உங்கள் சர்வர்கள் 192.168.10.0/24 வரிசையில் இருந்தால் அதற்கென்று ஓர் அலவ் வரி எழுதுங்கள். 'லிஸன்' வரியில் உள் நெட்வொர்க் ஐபியை மட்டும் கொடுங்கள். ஃபயர்வாலிலும் அதே வரிசைக்கு மட்டும் 8888-ஐத் திறங்கள். ஒன்றில் கை தவறினாலும் மற்ற இரண்டும் காக்கும். 'கனெக்ட்போர்ட்' வரிகளில் 443 மட்டும் இருக்கட்டும். இங்கேயும் அதே பொறிதான்: எல்லா வரிகளையும் நீக்கினால் எல்லாப் போர்ட்டும் திறந்துகொள்ளும்.

அடுத்தது ஃபில்டர். அப்டேட்டுக்கு மட்டும்தானே பிராக்ஸி? அப்படியானால் 'ஃபில்டர்டிஃபால்ட்டினை' வரியில் 'யெஸ்' கொடுங்கள். 'ஃபில்டர்' வரி காட்டும் கோப்பின் பட்டியலில் உள்ள தளங்கள் மட்டும் திறக்கும். பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்எக்ஸ். வெறுமனே உபுண்டு டாட் காம் என்று எழுதினால், அந்த எழுத்துகளை நடுவில் வைத்துக்கொண்டு வேறு முடிவோடு வரும் போலித் தளமும் நுழைந்துவிடும். தொடக்கத்தில் ^, முடிவில் $, ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் \ போடுங்கள். கிளவுட் சர்வர்கள் வேறு மிரர் பெயர்களில் அப்டேட் தேடுவதுண்டு. ஊகிக்க வேண்டாம், ஒரு நாள் லாகைப் பார்த்துப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'லாக்லெவல்' வரிக்கு 'கனெக்ட்' போதும். யார் வந்தார், எங்கே போனார் என்பது தெரியும். மற்ற இரைச்சல் இருக்காது.

எச்டிடிபிஎஸ் போக்குவரத்தில் தளத்தின் பெயரும் போர்ட்டும் மட்டுமே பிராக்ஸிக்குத் தெரியும்; உள்ளே என்ன போகிறது என்று தெரியாது. மேலதிகாரி கேட்டால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சின்ன மென்பொருள்தானே என்று அப்டேட்டைத் தள்ளிப்போடுவது தவறு. டைனிபிராக்ஸியில் இருந்த சிவிஇ-2023-49606 என்ற ஓட்டையை சிஸ்கோ டாலோஸ் குழு 2024 மே மாதம் வெளியிட்டது. அதைப் பயன்படுத்தி வெளியாள் உங்கள் மெஷினில் கோட் ஓட்டவும் வாய்ப்பிருந்தது. 1.11.2 பதிப்பில் அடைக்கப்பட்டது. அப்டேட் கொண்டுவர வைத்த மெஷினே அப்டேட் இல்லாமல் கிடக்கக் கூடாது.

மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் தேதியும் காரணமும் கோப்பிலேயே எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் # போட்டு அழிக்காமல் இருக்க அதுதான் உதவும்.

கடைசியாக, அலுவலக வைஃபையைத் துண்டித்து, மொபைல் டேட்டாவிலிருந்து அலுவலகத்தின் பொது ஐபிக்கு 8888-இல் இணைத்துப் பாருங்கள். இணையாமல் போனால்தான் வேலை முடிந்தது. இணைந்துவிட்டால் முதலில் சர்வீஸை நிறுத்துங்கள். தவறு எங்கே என்று பிறகு தேடலாம்.